கயாக்கில் பாஸ் மீன்பிடிப்பு: கழி, நரம்பு, பொய்யிரை பற்றி மலையிலிருந்து வரும் கேள்விகள்

கோத்தகிரியில் பிறந்து, பிழைப்புக்காக அமெரிக்காவின் வட கரோலினாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே விடுமுறை நாட்களெல்லாம் கயாக்கில், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகிய சிறு படகில், ஏறிப் பாஸ் மீனைத் தேடிப் போவதிலேயே கழிந்தன. இப்போது நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் தூண்டில் பிரியர்கள் கேள்வி அனுப்புகிறார்கள். சிலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சிலர் படிக்கவோ வேலைக்கோ அங்கே போகவிருக்கிறார்கள். மற்றவர்கள் அதே சாதனங்களை வைத்துக்கொண்டு மலையடிவாரத்தில் விரால் பிடிக்க நினைக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளில் பாஸ் மீன் கிடைக்குமா?

கிடைக்காது. அகன்ற வாய்ப் பாஸ் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய நன்னீர் மீன். நம் மலை ஏரிகளில் தூண்டிலுக்கு வருவது பெரும்பாலும் கெண்டை வகைகளும் ஜிலேபி மீனும்தான். மேற்கு நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வானவில் ட்ரவுட் உண்டு.

குணத்தில் பாஸுக்கு மிக நெருங்கிய நம் மீன் விரால். அல்லி இலைக்கு அடியிலோ, மூழ்கிய மரக்கிளையின் நிழலிலோ அசையாமல் கிடந்து, இரை நெருங்கியதும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். பாஸும் அப்படித்தான். ஆகவே பாஸுக்காக வாங்கிய கழியும் நரம்பும் (தூண்டில் இழை) பொய்யிரையும் (செயற்கை இரை) சமவெளிக் குளத்து விராலுக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்தும். கீழே பாஸ் என்று நான் எழுதுகிற பல இடங்களில் விரால் என்றும் சேர்த்தே படிக்கலாம். இரண்டும் வேறுபடும் இடங்களைத் தனியே சொல்கிறேன்.

கூடலூர் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் ஒரு குளம் இருக்கிறது. பாஸ் குஞ்சுகளை வரவழைத்து விட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் நயமாகப் பதில் சொல்வதில்லை.

ஜப்பானில் 1925இல் ஆஷி ஏரியில் பாஸை விட்டார்கள். அது அங்கிருந்து நாடெங்கும் பரவி, பீவா ஏரியின் சொந்த மீன்களையே தின்று குறைத்தது. 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ் அதை வளர்ப்பதும், உயிரோடு கொண்டுபோவதும், புதிய நீர்நிலையில் விடுவதும் தடை செய்யப்பட்டன. உலகின் மிகக் கேடான 100 அயல் இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் அகன்ற வாய்ப் பாஸும் இருக்கிறது.

நம் மலையில் வெளிநாட்டு மீன் விட்ட கதை பழையது. 1863இல் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்றார். பிறகு ஊட்டித் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்கைவர் முயன்றார். 1907 வாக்கில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ட்ரவுட் இங்கே நிலைத்தது. அந்தக் காலத்தில் ஓடையில் ஏற்கெனவே என்ன மீன் இருக்கிறது, அதற்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. இன்று நாம் கேட்டாக வேண்டும். எஸ்டேட் குளம் மழைக்காலத்தில் நிரம்பி வழியும். வழிந்த நீர் ஓடையில் சேரும். அப்படிப் பல ஓடைகள் மாயாற்றில் போய் விழுகின்றன. அழிவின் விளிம்பில் நிற்கும் காவிரியின் பெருங்கெண்டை, அந்தத் திமில் முதுகு மகசீர், எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் மாயாறும் ஒன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் கேடு தரும் அயல் இனங்களை இறக்குமதி செய்வதையும் வைத்திருப்பதையும் தடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. சட்டம் இருக்கட்டும், அந்த ஆற்றை ஒருமுறை தெப்பக்காட்டில் நின்று பார்த்தவர்களுக்குச் சட்டமே தேவையில்லை.

சொந்தக் கயாக்கை எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா, பேரிஜம் போன்ற இடங்களில் இறக்கலாமா?

உங்கள் விருப்பத்துக்கு இறக்க முடியாது. எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி, பைக்காரா எல்லாம் மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கங்கள். சுற்றிலும் காப்புக் காடு. முக்குருத்தி தேசியப் பூங்காவில் மீன்பிடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பேரிஜத்துக்குள் நுழையவே வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் படகுத்துறைப் படகுகள்தான் ஓடுகின்றன. கொடைக்கானல் ஏரியில் கரையிலிருந்து தூண்டில் போடுவதென்றாலும் மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிவாரத்திலும் கவனம் வேண்டும். அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன. பவானிசாகரின் பின்நீர்ப் பகுதிக்கு யானைகள் தண்ணீர் குடிக்க வரும். உட்கார்ந்தால் இடுப்பு நீர்மட்டத்தில் இருக்கும் படகில் அங்கெல்லாம் போகக் கூடாது. மீன்பிடி உரிமை மீன் வளர்ச்சிக் கழகத்திடமோ குத்தகைதாரரிடமோ இருக்கும். அடிவாரத்தில் தெரிந்தவர்களின் பண்ணைக்குளம், குத்தகைதாரர் சம்மதித்த ஊர்க்கண்மாய் ஆகியவைதான் நமக்கு ஏற்ற இடங்கள்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி மீன்பிடி உரிமம் உண்டு, இணையத்திலேயே வாங்கிவிடலாம். மாநில எல்லை கடந்தால் முதல் மாநிலத்து உரிமம் பொதுவாகச் செல்லாது. அங்கே படிக்கும் பிள்ளைகள் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

கரையிலிருந்து பிடிக்கிற கழியையே கயாக்கிலும் வைத்துக்கொண்டால் என்ன குறை?

கயாக்கில் எல்லாமே உட்காரும் உயரத்தில் தொடங்குகிறது. கரையில் நிற்கும்போது கழியின் அடிப்பகுதி வயிற்றுக்குப் பக்கத்தில் தாராளமாகச் சுழலும். கயாக்கில் உயிர்காப்பு அங்கி நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கும். முதுகுக்குப் பின்னால் இருக்கைச் சாய்மானம் இருக்கும். தலைக்கு மேலே கழியை வீசித் தூண்டிலை எறிய இடமிருக்காது. பக்கவாட்டில் மணிக்கட்டால் எறிய வேண்டியிருக்கும். மீன் கடித்ததும் கழியை மேல்நோக்கி வெட்டி இழுப்பதும் அரைகுறையாகவே முடியும். அதனால் பக்கவாட்டில் இழுத்து முள்ளை ஏற்றப் பழக வேண்டும்.

அடுத்தது படகின் எடை. பெரிய மீன் இழுத்தால் படகே அதன் பின்னால் நகரும். இது நமக்கு நன்மைதான்: நரம்பின் மேல் விழும் திடீர் பளுவைப் படகு தானே வாங்கிக்கொள்கிறது. தீமையும் உண்டு. ஆழத்துக்குப் போகும் கனமான பொய்யிரையை இழுத்தால் மீன் இல்லாமலேயே படகு இரையை நோக்கி ஊர்ந்துவிடும். இடத்தைப் பிடித்து நிற்க முடியாது.

மூன்றாவது காற்று. ஒரு கையில் துடுப்பு, மறு கையில் கழி என்று காற்றோடு போராடும்போது நரம்பு தொய்ந்து தண்ணீரில் வளைந்து மிதக்கும், கடி தெரியாது. கழியின் நீளம், நரம்பின் வகை, இரையின் எடை ஆகிய மூன்றையும் இந்த மூன்று தொல்லைகளை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் படகில் நின்றுகொண்டு பிடிப்பவராக இருந்தால் அவர் சொல்வது உங்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

கழி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

ஆறரை அடியிலிருந்து ஏழேகால் அடி வரை. ஒரே கழி என்றால் ஏழு அடி.

சிறிய படகுக்குச் சிறிய கழி என்றுதான் பலருக்கும் தோன்றுகிறது. ஆனால் பொதுவாகக் கயாக்கின் நீளம் 10 முதல் 12 அடி. இருக்கையிலிருந்து முனை வரை ஐந்தாறு அடி இருக்கும். மாட்டிய மீன் படகின் அடியில் புகுந்து மறுபக்கம் ஓடப் பார்க்கும். அப்போது கழியின் நுனி படகின் முனையைத் தாண்டி நீள வேண்டும். நரம்பை முனையைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கம் மீட்க முடிய வேண்டும். ஆறடிக் கழியால் இது நடக்காது. நரம்பு படகின் அடியில் உராய்ந்து அறுந்துவிடும்.

நுனி நீளட்டும், பிடி குட்டையாக இருக்கட்டும். நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலுக்குப் பின்னால் உள்ள பிடி உங்கள் முன்கையின் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. கடையில் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து, கழியை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். பிடி விலாவில் இடித்தால் வேறு கழி பாருங்கள்.

கழியில் மீடியம், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

முதல் சொல் கழியின் வலுவைக் குறிக்கிறது. எவ்வளவு எடையுள்ள இரையை எறியும், எவ்வளவு முரட்டு மீனைத் தாங்கும் என்பது அதிலிருந்து தெரியும். இரண்டாவது சொல் கழி எங்கிருந்து வளைகிறது என்பதைச் சொல்கிறது. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பகுதி மட்டும் வளையும். மாடரேட் என்றால் நடுப்பகுதி வரை வளையும்.

மீடியம் வலு ஏறத்தாழ 5 முதல் 15 கிராம் வரையுள்ள இரைக்கு. மீடியம் ஹெவி 10 முதல் 28 கிராம் வரைக்கு. ஒற்றை முள் உள்ள ரப்பர்ப் புழுவுக்கு ஃபாஸ்ட் கழி வேண்டும். இழுத்த இழுப்பு உடனே முள்ளுக்குப் போய்ச் சேரும். மூமுள் (மூன்று கூருள்ள முள்) மாட்டிய மீன்வடிவ இரைக்கு மாடரேட் நல்லது. கழி வளைந்து கொடுப்பதால் சின்ன முட்கள் வாயிலிருந்து கிழித்துக்கொண்டு வராது. கழியில் அச்சிட்டிருக்கும் எடை எல்லையை நம்புங்கள், ஆனால் அதன் உச்சத்துக்குப் போகாதீர்கள். அதிலும் உட்கார்ந்து எறிபவர்கள் நடு எடைக்கு மேல் போகாமலிருப்பது கைக்கு நல்லது.

மொத்தம் எத்தனை கழி வேண்டும்? காணொளிகளில் ஏழெட்டு வைத்திருக்கிறார்களே.

இரண்டு போதும். ஒன்று ஏழடி மீடியம் வலு ஸ்பின்னிங் கழி, எறியும்போது உருளை சுழலாத ஸ்பின்னிங் ரீலோடு. மற்றொன்று ஏழடி மீடியம் ஹெவி கழி, உருளையே சுழன்று நரம்பை விடும் பெய்ட்காஸ்டர் ரீலோடு. கயாக்கில் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு கழியும் நரம்பு சிக்க ஓர் இடம், கிளையில் மாட்ட ஒரு முனை, கவிழ்ந்தால் இழக்க ஒரு பொருள்.

1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸைப் பிடித்தார். பத்து கிலோவுக்குச் சற்று மேல். கையால் செய்த சிறு படகில் நண்பரோடு போனவரிடம் அன்று இருந்தது ஒரே கழி, ஒரே பொய்யிரை என்பார்கள். 2009இல் பீவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடியதால் இன்றும் இருவர் பெயரிலும் சாதனை இருக்கிறது. பல கழிகளுக்குப் பணம் போடுவதற்கு முன் பெர்ரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பின்னிங் ரீலா, பெய்ட்காஸ்டர் ரீலா?

7 கிராமுக்குக் குறைந்த இரைக்கு ஸ்பின்னிங். 10 கிராமுக்கு மேல் பெய்ட்காஸ்டர். இடைப்பட்டதற்கு உங்கள் கை எதில் பழகியிருக்கிறதோ அது.

பெய்ட்காஸ்டர் நேராகவும் துல்லியமாகவும் எறியும். தடித்த நரம்பைத் தாங்கும். ஆனால் சுழலும் உருளையைக் கட்டைவிரலால் அடக்கத் தெரியாவிட்டால் நரம்பு உள்ளேயே சுருண்டு கூடு கட்டிவிடும். எதிர்காற்றில் இது இன்னும் மோசம். கயாக்கில் காற்றை எப்போதும் முதுகுக்கு வாங்க முடியாது. ஆகவே முதல் ரீல் ஸ்பின்னிங்காக இருக்கட்டும். பெய்ட்காஸ்டரைப் புல்வெளியில் பழகிவிட்டுத் தண்ணீருக்குக் கொண்டுபோங்கள். கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவிலுள்ள பள்ளி மைதானம் அதற்கு அருமையான இடம். முள்ளைக் கழற்றிவிட்டு வெறும் ஈயக்குண்டை எறிந்து பழக வேண்டும்.

ஸ்பின்னிங் ரீல் பற்றி ஒரு பழக்கம்: எறிந்தபின், நரம்பை உருளையில் சுற்றும் வளைகம்பியை, கைப்பிடியைச் சுழற்றி மூடாமல் கையால் மூடுங்கள். நரம்பு முறுக்கேறுவது பெருமளவு குறையும்.

நரம்பில் எதை வாங்குவது? நைலான், ஃபுளோரோகார்பன், பின்னல் என்று குழப்பமாக இருக்கிறது.

கழியைவிட நரம்பில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். கழி சரியில்லாவிட்டால் கை வலிக்கும். நரம்பு சரியில்லாவிட்டால் மீன் போய்விடும். வாயில் முள்ளோடும் போய்விடும்.

நைலான் ஒற்றை இழை, நம் ஊர்க் கடைகளில் தங்கூசி என்று கேட்டாலே கொடுப்பது, தண்ணீரைவிடச் சற்றே கனமானது. அதன் அடர்த்தி 1.14 அளவு. மெதுவாக மூழ்கும். நன்றாக நீளும். அந்த நெகிழ்வு நீர்மேல் ஓடும் இரைக்கு நல்லது: மீன் பாய்ந்து கவ்வும் அவசரத்தில் நாம் இழுத்துவிட்டாலும் இரை வாயிலிருந்து பிடுங்கப்படாது. ஆனால் நீண்ட தூரத்தில் ஏற்படும் மெல்லிய கடி கைக்கு வந்து சேராது. தண்ணீரை உறிஞ்சும், வெயில் பட்டால் நொய்ந்துபோகும். மலைவெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் புற ஊதாக் கதிர் கடுமையானது. ஜன்னலோரம் வைத்த நைலானை அடுத்த பருவத்துக்கு நம்பாதீர்கள்.

ஃபுளோரோகார்பன் அடர்த்தி 1.78, சட்டென்று மூழ்கும். ஒளியை அது வளைக்கும் அளவு தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் தெளிந்த நீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. கல்லில் உராய்ந்தாலும் தாங்கும். அடியில் ஊரும் ரப்பர்ப் புழுவுக்கும் ஈயத்தலை முள்ளான ஜிக்குக்கும் இதைப்போல் வேறில்லை. நீர்மேல் ஓடும் இரைக்கு இதைக் கட்டாதீர்கள். மூழ்கும் நரம்பு இரையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். விறைப்பானது; ஸ்பின்னிங் ரீலில் முழுக்க இதைச் சுற்றினால் சுருள் சுருளாகக் கழன்று விழும்.

பின்னல் நரம்பு பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. அடர்த்தி 0.97, மிதக்கும். ஏறத்தாழ நீளவே நீளாது. 30 பவுண்டு தாங்கும் பின்னல், 8 பவுண்டு நைலானின் பருமன்தான் இருக்கும். உட்கார்ந்த நிலையில் முழுவீச்சில் இழுக்க முடியாத கயாக்காரருக்கு இது பெரிய துணை. அரை இழுப்பும் முழுதாக முள்ளுக்குப் போய்ச் சேரும். அல்லித் தண்டுகளையும் பாசியையும் அறுத்துக்கொண்டு வரும். குறைகளும் உண்டு: தெளிந்த நீரில் பளிச்சென்று தெரியும், கூர்மையான கல்லில் பட்டால் ஃபுளோரோகார்பனைவிட எளிதில் அறும், லேசானது என்பதால் காற்று அதைத் தூக்கி வளைக்கும்.

நான் கட்டுவது இப்படி. ஸ்பின்னிங் கழியில் 10 அல்லது 15 பவுண்டுப் பின்னல்; அதன் முனையில் கழி நீளத்துக்கு 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் முன்நரம்பு. பெய்ட்காஸ்டரில் தெளிந்த நீருக்கு 15 பவுண்டு ஃபுளோரோகார்பன். ஆகாயத்தாமரையும் அல்லியும் மண்டிய நீருக்கு 50 பவுண்டுப் பின்னல், முன்நரம்பு இல்லாமல் நேராக. அடர்ந்த பாசிக்குள் இருக்கும் மீனுக்கு நரம்பைப் பார்க்க இடமே இல்லை. உருளையில் பின்னலைச் சுற்றும் முன் அடியில் கொஞ்சம் நைலான் சுற்றுங்கள். இல்லாவிட்டால் பின்னல் மொத்தமாக உருளைமேல் வழுக்கும். ரீல் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் பலருக்கு இதுதான் காரணம்.

நரம்பு எப்போதும் முடிச்சிலேயே அறுகிறது. நரம்பு மட்டமானதா?

பெரும்பாலும் முடிச்சுதான் குறை. முள்ளில் கட்ட பாலோமர் முடிச்சு போதும். மூன்று வகை நரம்புக்கும் பொருந்தும். பின்னலையும் முன்நரம்பையும் இணைக்க இரட்டை யூனி எளிது. எஃப்ஜி முடிச்சு அதைவிட மெல்லியது, கழியின் வளையங்களில் தடுக்காமல் போகும். ஆனால் ஆடும் படகில் அதைக் கட்டுவது கடினம். வீட்டில் எஃப்ஜி கட்டிக்கொண்டு போங்கள். தண்ணீரில் அறுந்தால் யூனி கட்டுங்கள்.

எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனையுங்கள். காய்ந்த நரம்பு இறுகும்போது உரசிச் சூடேறி அந்த இடத்தில் வலுவிழக்கிறது. ஃபுளோரோகார்பனில் இது நிச்சயம் நடக்கும்.

ரீலின் டிராக்கை எவ்வளவு இறுக்குவது?

டிராக் என்பது மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் தடை. அது நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்கு இருக்கட்டும். 8 பவுண்டு நரம்பென்றால் 2 பவுண்டு இழுவையில் உருளை வழுக்கத் தொடங்க வேண்டும். சின்ன ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பாசிக்குள் பிடிக்கும்போது மட்டும் இறுக்கிவையுங்கள். அங்கே மீனை ஓட விட்டால் அது தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும்.

பொய்யிரைகளில் எவை அவசியம்? என் அண்ணன் டெக்சாஸிலிருந்து ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருக்கிறார்; எதை எடுப்பது என்றே தெரியவில்லை.

அண்ணன் அனுப்பியதில் ரப்பர்ப் புழுக்கள் இருக்கும். முதலில் அவற்றை எடுங்கள். 1949இல் ஒஹாயோவின் ஏக்ரனில் நிக் கிரீம் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் மென்மையான செயற்கைப் புழுவை வார்த்தெடுத்தார். பாஸ் மீன்பிடிப்பை அதற்கு முன், அதற்குப் பின் என்றே பிரிக்கலாம்.

அதை டெக்சாஸ் முறையில் கட்டுங்கள். தோட்டா வடிவ ஈயக்குண்டு 5 முதல் 10 கிராம். வளைந்த கழுத்துள்ள 3/0 அளவு முள். முள்ளின் கூரைப் புழுவின் உடலுக்குள்ளேயே திரும்பச் செருகிவிட வேண்டும். வெளியே கூர் தெரியாததால் கிளையிலும் பாசியிலும் மாட்டாது. அடியில் விழவிட்டு, கழி நுனியை மெல்ல உயர்த்தி, மறுபடி விழவிடுங்கள். கடி பெரும்பாலும் விழும்போதுதான். படகு காற்றில் தானே நகர்வதும் புழுவுக்கு உயிர் கொடுக்கும்.

அடுத்தது ஐந்தங்குலத் தடித்த புழு. குண்டே இல்லாமல் நடுவில் ஒரு முள்ளைக் குத்தி எறிவது. இரு முனைகளும் துடித்தபடி மெதுவாக இறங்கும். மீன் சோர்ந்து கிடக்கும் நாளில், யார் எறிந்தாலும், இது ஏமாற்றாது.

கலங்கிய நீருக்கு ஸ்பின்னர்பெய்ட், 10 கிராம். சுழலும் தகட்டின் அதிர்வை மீன் உடலாலேயே உணரும். அதனால் பார்வை எட்டாத நீரிலும் தேடி வரும். மழை முடிந்து குளம் செம்மண் நிறமாக இருக்கும் நாட்களில் எனக்கு முதலில் கைக்கு வருவது இதுதான்.

மூழ்கி நீந்தும் மீன்வடிவ இரைகள், கிராங்க்பெய்ட் வகை, தாடையிலுள்ள தகட்டின் நீளத்தைப் பொறுத்து ஆழம் போகும். கயாக்குக்குக் குட்டைத் தகடு மட்டும். நீளத் தகடு ஆழமாக இழுத்துப் படகையும் நகர்த்தும் என்று முன்பே சொன்னேன். 1936இல் பின்லாந்து மீனவர் லவ்ரி ராப்பாலா தக்கை மரத்தைச் செதுக்கி, சாக்லேட் உறைத் தகட்டைச் சுற்றிச் செய்த மிதக்கும் சிறுமீன் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ட்ரவுட்டுக்கும் அதன் சிறிய அளவு ஏற்றது. அனுமதி உள்ள நீர்நிலையில் மட்டும்.

கடைசியாக, உள்ளீடற்ற ரப்பர்த் தவளை. இது விராலுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. இரட்டை முட்கள் தவளையின் முதுகோடு ஒட்டியிருப்பதால் அடர்ந்த பாசிமேலும் வழுக்கிக்கொண்டு போகும். அல்லி இலையில் ஏற்றி, ஒரு நொடி நிறுத்தி, ஓரத்தில் தண்ணீரில் இறக்குங்கள். நீர் வெடிக்கும். உடனே இழுக்காதீர்கள், தவளை கண்ணிலிருந்து மறைந்து நரம்பு இறுகியதை உணர்ந்தபின் இழுங்கள். இந்த ஒரு பொறுமையைப் பழக நீண்ட காலம் பிடிக்கும். பழகியபின் வேறு எந்த வகை மீன்பிடிப்பும் இவ்வளவு இன்பம் தராது.

மற்றவற்றைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். மூமுள் இரைகளைக் கயாக்கில் குறைவாகவே பயன்படுத்துங்கள். மடிமேல் துள்ளும் மீனின் வாயில் இரண்டு மூமுட்கள் ஆடினால், ஒன்று உங்கள் தொடையில் ஏறும்.

எந்த நிறம்?

தெளிந்த நீரில் பச்சை, பழுப்பு. கலங்கிய நீரில் கறுப்பு, கருநீலம், அல்லது ஸ்பின்னர்பெய்ட்டில் வெள்ளை. இதற்கு மேல் நிறத்துக்கு நேரம் செலவிட வேண்டாம். ஆழமும் வேகமும் முக்கியம்.

கவிழ்ந்தால் கழி போய்விடாதா? வேறு என்ன வைத்திருக்க வேண்டும்?

ஒவ்வொரு கழிக்கும் ஒரு மெல்லிய கயிறு கட்டிப் படகோடு இணையுங்கள், துடுப்புக்கும் அப்படியே. ஆனால் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் கழியின் கயிறு உங்கள் உடம்பைச் சுற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட மூக்குக் குறடு, முள்ளையே துண்டிக்கும் வெட்டுக்குறடு, குட்டைப் பிடி வலை, இவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டால் மீன் வாயிலிருந்தும் நம் விரலிலிருந்தும் எளிதாக வரும்.

உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருப்பது போதாது, அணிந்திருக்க வேண்டும். மலைத் தண்ணீரின் குளிரில் விழுந்த முதல் நொடியில் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அப்போதுதான் தண்ணீரைக் குடிக்கிறார். சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கு நீலகிரியில் படகு விளையாட்டே வேண்டாம். தனியாகப் போகாதீர்கள்.

பாஸின் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்குகிறார்களே, விராலையும் அப்படிப் பிடிக்கலாமா?

கூடாது. பாஸின் பல் உப்புத்தாள்போல் சொரசொரப்பாக மட்டும் இருக்கும். கட்டைவிரலை வாயில் விட்டுப் பிடிக்கலாம். விராலுக்குக் கூரிய பற்கள் உண்டு. ஈரத்துணியால் பிடியுங்கள், அல்லது வலையிலேயே வைத்து முள்ளை எடுங்கள். பெரிய பாஸையும் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். திருப்பி விடப்போகும் மீனை உலர்ந்த கையால் தொட வேண்டாம். அதன் மேலுள்ள கொழகொழப்பு போனால் நோய் தொற்றும்.

இன்னொன்று. குளத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் கொப்புளிப்பதைப் பார்த்தால், அடியில் தாய் தந்தை விரால்கள் காவல் இருக்கும். குஞ்சுகளுக்கு நடுவே தவளையைப் போட்டால் உடனே தாக்கும்; பசியால் அன்று, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்தெடுத்தால் அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அந்த இடத்தை விட்டுப் படகைத் திருப்புங்கள்.

அமெரிக்காவிலிருந்து கழியை விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?

வாங்கும்போதே இரண்டு துண்டாகப் பிரியும் கழியாகப் பாருங்கள். பழைய நாளில் இணைப்பில் வலு குறையும் என்பார்கள். இன்றைய நல்ல கழிகளில் அந்தக் கவலை இல்லை. ஏழடிக் கழி மூன்றரை அடியாகிவிடும். கடினமான பிளாஸ்டிக் குழாயில் துணி சுற்றிப் போட்டு, சரக்குப் பெட்டிகளோடு அனுப்புங்கள்; விமான நிறுவனம் அனுமதிக்கும் அதிகபட்ச நீளத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முட்களும் குறடுகளும் கைப்பையில் கூடாது. ரீலைக் கைப்பையில் வைக்கலாம், ஆனால் சுற்றிய நரம்பைப் பார்த்துச் சில இடங்களில் கேள்வி கேட்பார்கள். நேரம் மிச்சமாக வேண்டுமானால் அதையும் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். கோவையில் இறங்கி மலைக்குப் பஸ்ஸில் வருபவர்கள் குழாயை மேல்தட்டில் வைக்காமல் காலுக்கிடையில் நிறுத்திக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மேலே இருப்பது உருண்டு விழும்.